கைதியின் கையெழுத்துக்கு ஒரு கட்டம்

டோல்கேட் பக்கத்திலுள்ள எங்கள் முன்னாள் படைவீரர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. வீர அனுபவம் ஒன்று வேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டார். இருபத்தெட்டு வருடம் பட்டாளத்தில் இருந்தவனிடம் ஒன்றாவது இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. வருடத்துக்கு ஒரு முறை பயிற்சித் திடலில் சுட்டதைத் தவிர நான் எதையும் சுட்டதில்லை. அங்கேயும் பக்கத்து ஆளின் பலகையைச் சுட்டவன் என்ற பெயர்தான் எனக்கு உண்டு. நான் கிளார்க். அதில் பத்தொன்பது வருடம் சட்டப் பிரிவில். பட்டாளத்துக்காரர்கள் செய்த தவறைப் பட்டாளமே விசாரிக்கும் கோர்ட் மார்ஷலில் ஒரு மூலையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னாலும் டைப் அடிப்பது என் வேலை.

எழுத ஒன்றுமில்லை என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அதற்குள் பிரவீன் போன் செய்தான். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவன். இப்போது ஹவில்தார்.

“சாப், நல்லா இருக்கீங்களா? எண்ணூர் பக்கம் காத்து எப்படி?”

“கலர் இல்லாம வந்தா நல்ல காத்துன்னு எடுத்துக்கறோம். விஷயத்தைச் சொல்லு.”

“ஃபாரம் எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்தறோம் சாப். போர்க்கைதி ஒப்படைப்புச் சீட்டு இருக்கே, அதுல கடைசியா கைதி கையெழுத்துக்கு ஒரு கட்டம் வருது. அதை எடுத்துடலாமான்னு கேக்கறாங்க. போட்டோதான் எடுக்கறோமே. ஸ்கிரீன்ல இடமும் பத்தல. உங்க அபிப்பிராயம் கேட்டுட்டு எழுதலாம்னு…”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்தக் கட்டத்தைப் பற்றி யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம். ஆனால் காரணம் சொல்லக் கொஞ்சம் நேரமாகும். செயலாளருக்கும் பிரவீனுக்கும் சேர்த்து ஒரே விளக்கமாக இதை எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ராயபுரத்தில் பிறந்தேன். பி.ஏ. படித்து, டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்து, துறைமுகத்தில் வேலை கிடைக்காமல் பட்டாளத்தில் சேர்ந்தேன். முதல் ஒன்பது மாதம் ஓடவைத்தார்கள். ஓடி முடித்ததும் உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

சட்டப் பிரிவில் என் முதல் வழக்கு, இரண்டு கம்பளிகளைத் திருடிய சமையல்காரர். கம்பளிகள் அவர் பெட்டியிலேயே இருந்தன. எடுத்தேன் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் வழக்குக்கு முன்பு சாட்சிகளின் வாக்குமூலத்தை எழுதும்போது, குற்றம் சாட்டப்பட்டவர் எதிரிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கு அவரைச் சப்பாத்தி போட அனுப்பிவிட்டிருந்தார்கள். எழுதிய அதிகாரிக்கும் சாட்சிகளுக்கும் சாப்பாடு நேரத்துக்கு வந்தது. வழக்கு விழுந்தது.

விழவைத்தவர் எங்கள் கர்னல். பதவியின் பெயர் ஜட்ஜ் அட்வகேட். கோர்ட் மார்ஷலில் தீர்ப்புச் சொல்பவர்கள் ஐந்து படை அதிகாரிகள். அவர்களுக்குச் சண்டை தெரியும், சட்டம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து சட்டம் இன்னது என்று சொல்வது ஜட்ஜ் அட்வகேட்டின் வேலை. அவருக்கு ஓட்டு கிடையாது. இந்த ஓட்டில்லாத மனிதருக்கு அந்த ஐந்து பேரும் பயந்ததை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

கர்னல் மேற்குக் கடற்கரைக்காரர். எந்த வழக்குக் காகிதக் கட்டையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். முதல் பக்கத்தில் என்ன சொல்ல நினைத்தார்கள் என்று இருக்கும், கடைசிப் பக்கத்தில் என்ன செய்தார்கள் என்று இருக்கும் என்பார். குரலை உயர்த்தமாட்டார். தப்பு என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. “இன்னொரு தரம் படியுங்கள்” என்பார். அதற்கு அர்த்தம் தப்பு. “இன்னொரு தரம் படியுங்கள், நான் காத்திருக்கிறேன்” என்றால் பெரிய தப்பு. நான் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்காருவார். மரியாதை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். நான் காகிதம் நேராகச் செருகியிருக்கிறேனா என்று பார்ப்பதற்காக நின்றிருக்கிறார்.

இனி அந்த வழக்கு.

எல்லையில் ஒரு சண்டை நடந்தது. எது என்று எழுத எனக்கு அனுமதி இல்லை. சண்டையில் எதிர்த் தரப்பு ஆள் ஒருவர் பிடிபட்டார். பிடித்தவர்கள் அங்கேயே ஒப்படைப்புச் சீட்டு எழுதி, பின்னாலிருந்த ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மேஜர் அவரை இரண்டு நாள் விசாரித்தார். பிறகு இன்னொரு சீட்டு எழுதி, லாரியில் ஏற்றி, ஆஸ்பத்திரி இருந்த பெரிய முகாமுக்கு அனுப்பினார். லாரியில் காவலாகப் போனவர் மேஜரின் முகாமிலிருந்த லான்ஸ் நாயக் தனசேகர், நம் வியாசர்பாடிக்காரர். லாரி போய்ச் சேர்ந்தபோது கைதியின் வலது கையில் மூன்று விரல்கள் முறிந்திருந்தன.

கைதிகளைப் பார்க்க வந்த வெளிநாட்டு அம்மையார் ஒருவர் இதைக் குறித்துக்கொண்டு போனார். சண்டை முடிந்து கைதிகளை மாற்றிக்கொண்டதும் அந்தக் கைதி தன் நாட்டுக்குப் போய்விட்டார். விசாரணை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கோர்ட்டுக்கு அவரை வரவழைக்க வழியில்லை. அவர் பெயரில் எஞ்சியவை இரண்டு சீட்டுகள்.

மேஜர் சொன்னது எளிமையாக இருந்தது. தன்னிடம் இருந்தவரை கைதி நன்றாக இருந்தான், சீட்டிலேயே ‘உடல்நிலை: நன்று’ என்று எழுதியிருக்கிறது, விரல் முறிந்தது லாரியில், லாரியில் இருந்தது தனசேகர். தனசேகர் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்காதே, மற்றதைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. எதைப் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லப்படவில்லை. ஆகவே குற்றவாளிக் கூண்டில் தனசேகர் ஒருவர். மேஜர் அரசுத் தரப்புச் சாட்சி.

அந்தப் படைப்பிரிவு அப்போது தெற்கே மாறி வந்திருந்ததால் விசாரணை சென்னையில் நடந்தது. வழக்கமான ஹாலில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு பழைய கிடங்கைக் கொடுத்தார்கள். துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டி ஒவ்வொன்றுக்கும் கோர்ட் நின்றது. ‘ரயில் நிமித்தம் நிறுத்தம், மறுபடி கூடியது’ என்று நான் டைப் அடித்தது இன்றும் அந்த வழக்குக் காகிதங்களில் இருக்கும். நான் பிறந்த வீட்டிலிருந்து கேட்ட அதே ரயில் சத்தம். அதைப் பதிவு செய்ய எனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது.

கோர்ட் மார்ஷலுக்கு யாரும் வந்து பார்க்கலாம். பொதுவாக யாரும் வருவதில்லை. இதற்குத் தனசேகரின் அம்மா வந்தார். முதல் நாள் தூக்குச் சட்டியோடு என் மேசைக்கே வந்துவிட்டார்.

“இன்னா நைனா, நீ இந்தாண்ட ஆளாமே?”

“ராயபுரம்மா.”

“அப்ப நம்ம புள்ளதான். சொல்லு, என் பையன் ஒரு ஆளு கைய ஒடிப்பானா? வூட்ல எலி வந்தாகூட எதிர் வூட்டுக்காரன கூப்புடுவான்.”

“அம்மா, நான் கோர்ட்டு ஆள். கேஸ் பத்திப் பேசக் கூடாது.”

“பேசாத. இந்த மீன் கொழம்ப துன்னு. துன்றதுக்கு ஒண்ணும் சட்டம் இல்லியே?”

“இருக்கும்மா.”

“இன்னாடா இது பேஜாரு” என்று சொல்லிவிட்டுப் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

முதல் நாள் கோர்ட் கலைந்ததும் மறுநாளுக்கான ஆவணங்களுக்கு எண் போட்டேன். இரண்டு சீட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பிடித்த இடத்தில் எழுதியது ஏ. மேஜரின் முகாமில் எழுதியது பி. இரண்டிலும் உடைமைகள் ஒன்றே. கைக்கடிகாரம் ஒன்று, சீப்பு ஒன்று, இரண்டு குழந்தைகள் உள்ள போட்டோ ஒன்று, மைப் பேனா ஒன்று. மேலே பெயர், எண், ரேங்க். ஏ சீட்டின்படி கைதி ஒரு ஹவில்தார், அதுவும் கிளார்க். சண்டையில் பிடிபட்ட கிளார்க்கை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஏ சீட்டின் கடைசிக் கட்டத்தில் அவர் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். கீழே இரண்டு கோடு, ஒரு புள்ளி. நாளுக்கு இருநூறு காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் போடுகிற கையெழுத்து. பி சீட்டின் கடைசிக் கட்டத்தில் இடது கட்டைவிரல் ரேகை இருந்தது. சீட்டு எழுதிய நேரம், லாரி புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு.

ஒரு கிளார்க் இரண்டே நாளில் எழுத்தை மறக்கமாட்டான்.

அந்த ரேகையை எடுத்தது மேஜரின் முகாம் கிளார்க்காகத்தான் இருக்க வேண்டும். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கட்டம் காலியாக இருந்தால் பின்னாலிருக்கும் ஆபீஸ் சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பும் என்பது அவருக்குத் தெரியும். நானே எத்தனையோ சீட்டைத் திருப்பியிருக்கிறேன். கைதியின் விரல்கள் முறிந்திருந்தது அவருக்கு ஒரு சங்கடம். கட்டம் காலியாக இருந்தது இன்னொரு சங்கடம். இரண்டாவதைத் தீர்க்க அவரிடம் மைப் பெட்டி இருந்தது.

சீட்டுகளைக் கர்னலிடம் கொண்டுபோனேன். வழக்கம்போல் கடைசியிலிருந்து படித்தார். கடைசிக் கட்டத்திலேயே நின்றுவிட்டார்.

“யாரிடம் சொன்னீர்கள்?”

“யாரிடமும் இல்லை சார்.”

“என்னிடமும் சொல்லவில்லை. நாம் இருவரும் எந்தத் தரப்பும் இல்லை.” சீட்டுகளைத் திருப்பித் தந்தார். “ஆவணத்தைச் சாட்சியிடம் காட்டும்போது முழுதாகப் படிக்க வேண்டும் என்பது முறை. பாதியில் போதும் என்பார்கள். நிறுத்த வேண்டாம்.”

மறுநாள் மேஜர் சாட்சி சொன்னார். நன்றாகச் சொன்னார். பி சீட்டைப் படிக்கச் சொன்னார்கள். பெயர், எண், ரேங்க், உடைமைகள், உடல்நிலை நன்று என்று படித்தேன். ஐவரில் தலைமை அதிகாரி கையை உயர்த்தி, போதும் என்றார். “முழுதும் படிக்கப்பட்டது என்று பதிவில் இருக்க வேண்டும்” என்றார் கர்னல், தன் பென்சிலைப் பார்த்துக்கொண்டு. நான் தொடர்ந்தேன். “கைதியின் கையெழுத்து: இடது கட்டைவிரல் ரேகை.”

யாருக்கும் உறைக்கவில்லை. தனசேகருக்காக வாதாட நியமித்திருந்த இளம் கேப்டன் பீரங்கிப் படைக்காரர், கோர்ட்டையே அப்போதுதான் முதல் முறை பார்க்கிறார். ஏதாவது கேட்க வேண்டுமே என்று எழுந்து, “ஏன் ரேகை?” என்றார்.

“அவனுக்கு எழுதத் தெரியாது” என்றார் மேஜர்.

நான் டைப் அடித்தேன். சாட்சி சொன்னதை அப்படியே அடிப்பதில் உள்ள சுகம் அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். அடித்து முடித்ததும் கேப்டன் ஏ சீட்டைக் கேட்டார். அதையும் முழுதாகப் படித்தேன். ரேங்க் ஹவில்தார், பணி கிளார்க், கையெழுத்து ஆங்கிலத்தில். சீட்டு ஐந்து அதிகாரிகளிடமும் கைமாறியது. ஒவ்வொருவரும் அந்த இரண்டு கோட்டையும் புள்ளியையும் பார்த்தார்கள். பிறகு மேஜரைப் பார்த்தார்கள்.

லாரியில் முறியவில்லை என்பது உறுதியாகிவிட்டது. தனசேகர் இதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ரேகை எப்போது என்றுதான் சொல்லும், யார் என்று சொல்லாது. மேஜருக்கும் அது தெரிந்திருந்தது. சாட்சி நாற்காலியை விட்டு எழுந்தபோது தொப்பியை நேராக வைத்துக்கொண்டுதான் போனார்.

சாட்சிகள் முடிந்ததும் குற்றம் சாட்டப்பட்டவரிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கோர்ட் கேட்கும். சொல்லாமலும் இருக்கலாம், அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று கர்னல் இரண்டு முறை விளக்கினார். தனசேகர் தன் பாஷையில் சொல்கிறேன் என்றார். தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொல்வதை உண்மையாகவும் முழுமையாகவும் மொழிபெயர்ப்பேன் என்று எனக்குத் தனியாகச் சத்தியப் பிரமாணம் செய்துவைத்தார்கள்.

தனசேகர் நேராக நின்றுகொண்டு சொன்னார்.

“அந்தாளு பேரு, நம்பரு தவிர ஒண்ணும் சொல்லல சார். மேஜர் சாப் அவரு கைய மேசை மேல வெச்சி புட்ச்சிக்கடான்னாரு. நான் புட்ச்சிகினேன். துப்பாக்கிக் கட்டையால மூணு தபா இட்ச்சாரு. மூணாவது தபா அந்தாளு கைய இஸ்துக்கப் பாத்தாரு. நான் வுடல. வுட்டிருந்தா மூணாவது வெரலு தப்பிச்சிருக்கும்.”

கிடங்கில் இதைப் புரிந்துகொண்டவர்கள் இரண்டு பேர். நான் ஒருவன். பின் பெஞ்சில் அவர் அம்மா. அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

நான் வாயைத் திறக்கும்போது கூட்ஸ் வண்டி வந்தது. தலைமை அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். கோர்ட் காத்திருந்தது.

துப்பாக்கிக் கட்டை வரைக்கும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். மேஜர் மாட்டிக்கொள்வார், தனசேகர் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர் என்று லேசாக முடியும். கடைசி இரண்டு வாக்கியம் இல்லாவிட்டால் ஆங்கிலம் குறைகிறதே என்று கேட்க அங்கே ஆளில்லை. வண்டி போகும்வரை அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்காமலிருக்க ஜன்னல் பக்கம் திரும்பிப் பெட்டிகளை எண்ணினேன். அந்த இரண்டு வாக்கியமும் யாருடையவை என்று யோசித்தேன். என்னுடையவை அல்ல. தனசேகர் நினைத்திருந்தால் அவரே சொல்லாமல் விட்டிருக்கலாம். விடத்தான் அவருக்கு மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

வண்டி போயிற்று. முழுதாக மொழிபெயர்த்தேன். நான் விடவில்லை என்பது ஆங்கிலத்தில் ஐந்து சின்னச் சொற்கள். அவற்றையும் சொன்னேன்.

கோர்ட் கதவை மூடிக்கொண்டு முடிவு செய்தது. முதலில் கருத்துச் சொல்ல வேண்டியவர் ஐந்து பேரில் இளையவர். மூத்தவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பட்டாளத்தில் இளையவர் முதலில் பேசும் ஒரே இடம் அதுதான். லாரியில் விரலை முறித்ததாகச் சொன்ன குற்றச்சாட்டிலிருந்து தனசேகரை விடுவித்தார்கள். காவலில் இருந்தவரைத் துன்புறுத்த உடந்தையாக இருந்ததற்கு ஆறு மாதச் சிறை, ரேங்க் பறிப்பு.

வெளியே அவர் அம்மா நின்றிருந்தார்.

“எல்லாத்தியும் சொல்ட்டியா?”

“சொல்லிட்டேன்மா.”

“அவன் சொன்னான், நீ சொன்ன.” தூக்குச் சட்டியை நீட்டினார். “இப்ப துன்னலாமா? கேஸு முடிஞ்சிப் போச்சே.”

“தீர்ப்பை மேலே உறுதி செய்யணும்மா. அதுவரைக்கும்…”

“அதுக்குள்ள கொழம்பு ஊசிப் பூடும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை கர்னல் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“அந்த ரயிலில் எத்தனை பெட்டி?”

“நாற்பத்திரண்டு சார்.”

“நான் நாற்பத்துமூன்று எண்ணினேன்.”

“கார்டு பெட்டியை நான் சேர்க்கவில்லை சார்.”

“சேர்க்க வேண்டும்” என்றார். அவருக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மேஜரைத் தனியாக விசாரித்தார்கள். தனசேகரைச் சிறையிலிருந்து கூட்டிவந்து சாட்சி சொல்லவைத்தார்கள். மேஜருக்குப் பணிநீக்கம். தீர்ப்பை உறுதி செய்ய வேண்டிய மேலதிகாரி, இன்னொரு தரம் யோசிக்கச் சொல்லி அதைத் திருப்பி அனுப்பினார். அப்படி ஒரே ஒரு முறை அனுப்பலாம். கோர்ட் மறுபடி கூடி, அதே தீர்ப்பை அதே வார்த்தைகளில் அனுப்பியது. நான் கார்பனை மட்டும் மாற்றினேன்.

பிரவீன் போன் செய்ததற்கு மறுநாள் மணலி போகும் வழியில் ஒரு கன்டெய்னர் யார்டுக்குப் போனேன். தனசேகர் அங்கே கேட்டில் செக்யூரிட்டி. தலை முழுக்க நரைத்துவிட்டது. மழை பெய்தால் சடையங்குப்பம் தண்ணீரெல்லாம் தன் நாற்காலிக்குத்தான் வருகிறது என்றார். அம்மா போய்ச் சில வருடங்களாகிறது. லாரி டிரைவர்கள் உள்ளே வரும்போது ஒரு கையெழுத்து, வெளியே போகும்போது ஒரு கையெழுத்து. ஒரு டிரைவர் அவசரத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டுத் திரும்பினார். தனசேகர் அவரை நிறுத்தினார்.

“தோஸ்து, வரச்ச ஒயுங்கா போட்டியே. இப்ப இன்னா ஆச்சி? கையக் காட்டு.”

“கையில இன்னா பெரிசு?”

“காட்டு.”

டிரைவர் காட்டினார். தனசேகர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “செரி, போ” என்றார்.

கட்டத்தை எடுத்துவிடப் போகிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். கேட் நோட்டில் அந்த டிரைவர் கிழித்த கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

“அந்தக் கட்டம் இல்லாங்காட்டி நான் தப்பிச்சிருப்பனா சாப்?”

“இல்லை. லாரியில நீதான் ஒடிச்சேன்னு முடிஞ்சிருக்கும்.”

“மேஜரு?”

“ரிடையர் ஆகி, சங்க மலருக்கு வீர அனுபவம் எழுதிட்டிருப்பார்.”

வீட்டுக்கு வந்து பிரவீனைக் கூப்பிட்டேன்.

“கட்டம் இருக்கட்டும்” என்றேன்.

“இடம் இல்லையே சாப். வேற எதையாவது எடுத்தாத்தான்…”

“உடல்நிலைன்னு ஒரு கட்டம் இருக்கே, அதை எடு. நான் பார்த்த சீட்டு அத்தனையிலும் நன்றுன்னுதான் எழுதியிருந்தது.”

சிரித்தான். “சரி சாப். கையெழுத்துக் கட்டம் எவ்வளவு பெரிசா வெக்கறது?”

“கட்டைவிரல் கொள்ளுற அளவுக்கு” என்றேன்.